ங எழுதிய பாட்டில்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரே ஓர் எழுத்து மட்டும் தெரியும். அது என்ன எழுத்து, இந்த வயதில் எப்படித் தெரிந்தது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நான் பேசப் பேசக் கைப்பேசி எழுத்தாக்கிக்கொள்கிறது. அந்தப் பொத்தானை மருமகள் காட்டிக்கொடுத்தாள். நான் பேசுகிற கொச்சையைப் புத்தகத் தமிழாக மாற்றுவதும் அவள்தான். ஆட்கள் பேசுகிற இடத்தை மட்டும் பேசினபடியே விட்டுவிடம்மா என்று சொல்லியிருக்கிறேன். இல்லாவிட்டால் எல்லாரும் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும்.

எங்கள் வீடு மாசாயில், சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம். வரிசை வீடு. விடிந்ததும் பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்குப் போகிற மோட்டார்சைக்கிள் சத்தம் ஆரம்பிக்கும். ஒரே இரைச்சலாக இருக்கும். பிறகு யாரோ குழாயை மூடினாற்போல் நின்றுவிடும். அதற்கப்புறம் சாயந்தரம் வரைக்கும் எங்கள் தெருவில் நானும் இரண்டு பூனைகளும்தான். அவர் போன பிறகு, அவர் என்றால் என் வீட்டுக்காரர், பகல் பொழுது ரொம்ப நீளமாகிவிட்டது. மகனுக்கு சிங்கப்பூரில் வேலை. தினமும் பாலத்தில் நின்றால் ஆயுசே அங்கே போய்விடும் என்று அங்கேயே நாலு பேரோடு ஓர் அறையில் தங்கிக்கொண்டான். சனிக்கிழமை வருவான், துணி துவைப்பான், தூங்குவான், போய்விடுவான். பேரப்பிள்ளைகள் எல்லாம் மகள் வீட்டில், மகளோ ஆஸ்திரேலியாவில். கைப்பேசியில் பார்த்தால் தலைகள்தான் தெரியும். அவர்கள் பேசுகிற இங்கிலீஷ் எனக்குப் புரியாது, நான் பேசுகிற தமிழ் அவர்களுக்குப் புரியாது. சிரித்துக்கொண்டே இருப்போம்.

மருமகள் அப்போது பாசிர் கூடாங்கில் சோப்பு, ஷாம்பு செய்கிற தொழிற்சாலையில் இருந்தாள். சோப்பு அடைக்கிற வேலை இல்லை. எது எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று கலந்து பார்க்கிற வேலை. படித்த பெண். ஒரு நாள் கலந்து பார்க்கிற பகுதியை மட்டும் முதலாளிமார்கள் வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அவள் மத்தியானமே வீட்டுக்கு வந்தாள். கையில் ஓர் அட்டைப்பெட்டி. அதில் கண்ணாடிக் கோப்பைகள், கண்ணாடிக் குச்சி, நகைக்கடையில் இருக்குமே அந்த மாதிரி ஒரு சின்னத் தராசு. எல்லாம் அவளே காசு போட்டு வாங்கினவை. சோபாவில் உட்கார்ந்து அழுதாள். முதுகைத் தடவிக்கொடுத்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குக் கொண்டாட்டம். பகலில் வீட்டுக்குள் இன்னோர் ஆள் நடக்கிற சத்தம் கேட்டு எத்தனை காலமாயிற்று! அன்றைக்கு மத்தியானமே நெத்திலிச் சம்பலும் பருப்பும் இரண்டு ஆளுக்குச் சமைத்தேன். ஒரு ஆளுக்குச் சமைப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அரைக் கத்தரிக்காய் எப்போதும் மிஞ்சும்.

அப்புறம்தான் பார்லர்காரம்மா வந்தாள். தமிழ்நாட்டிலிருந்து கல்யாணம் கட்டி வந்தவள். ஸ்கூடாயில் ஒரு அழகுக் கடை, கெலாங் பாத்தாவில் இன்னொன்று. மருமகள் புருவம் திருத்தப் போகிற இடம் அது. வேலை போன கதை அங்கே தெரிந்து, வீடு தேடி வந்துவிட்டாள். நான் தேத்தண்ணி கலக்கிக்கொண்டு போனபோது பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

"எங்க கடைக்கு வர்ற லேடீஸ்ல முக்காவாசிப் பேருக்கு மங்குதான் பிரச்சினை. மங்கு போறதுக்கு நல்லதா ஒரு ஜெல் செஞ்சு குடுங்க. ரெண்டு கடைக்கும் நானே எடுத்துக்கறேன்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "மங்குக்கு எதுக்கும்மா ஜெல்லு? சாம்பல் போட்டு நல்லா தேய்ச்சா பளபளன்னு ஆயிருமே" என்றேன்.

பார்லர்காரம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "மூஞ்சியிலயா பாட்டிம்மா?"

"மூஞ்சியில ஏன் தேய்க்கிறீங்க? மங்கத்தான் சொல்றேன்."

மருமகள் சோபாவிலிருந்து சரிந்தே விட்டாள், சிரிப்பு தாங்காமல். நான் பால் வெட்டின எங்கள் தோட்டத்தில் மங்கு என்றால் ரப்பர் மரத்தில் பால் பிடிக்கிற கிண்ணம். நாங்கள் சோறு தின்ற பீங்கான் தட்டும் மங்குதான். பார்லர்காரம்மா ஊரில் மங்கு என்றால் முகத்தில் படர்கிற கருந்திட்டாம். அவள் எழுந்து வந்து என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"இதோ, உங்களுக்கே ரெண்டு கன்னத்துலயும் இருக்கே பாட்டிம்மா, இதுதான் மங்கு."

"இதுவா? இது வெயிலுல வந்ததுலா. மங்குல பால் எடுத்ததுக்கு வந்த மங்கு" என்றேன். அவளும் சிரித்துவிட்டாள். வேலை போன பிறகு மருமகள் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். தேத்தண்ணி ஆறிப்போய் மறுபடி சூடு பண்ணினேன்.

அந்தச் சனிக்கிழமை மகன் வந்ததும் விஷயத்தைச் சொன்னோம். அவன் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

"செஞ்சு பாக்கட்டும். நின்னுச்சுன்னா நல்லது, வீட்டோட இருக்கலாம். நிக்கலன்னா அங்க வந்துரட்டும் மா. என் கம்பெனிகிட்டயே லேப் வேலை இருக்கு. நாங்க ரெண்டு பேரும் தனியா ரூம் எடுத்துக்கறோம்."

"அப்ப நானு?"

"சனிக்கிழம சனிக்கிழம வருவோம்ல?"

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எனக்கு அன்றைக்கே தெளிவாகிவிட்டது. ஜெல் நின்றால் மருமகள் இந்த வீட்டில் இருப்பாள். நிற்காவிட்டால் மோட்டார்சைக்கிள் போன பிறகு நானும் பூனைகளும். மறுநாள் காலையிலிருந்து அந்த ஜெல்லுக்காகச் சாமி கும்பிட்டேன். எந்த சாமிக்கு ஜெல் பற்றித் தெரியும் என்று யோசித்து, பொதுவாக எல்லாருக்கும் சொல்லிவைத்தேன்.

பின்கட்டுச் சமையலறையை அவளுக்கு விட்டுக்கொடுத்தேன். அதைக் கழுவித் துடைத்து, ஸ்பிரிட் வாசனை அடிக்கிற அளவுக்குச் சுத்தம் பண்ணிவிட்டாள். மீன் அந்தப் பக்கம் வரக்கூடாது, மஞ்சள்தூள் டப்பா வரக்கூடாது, நான் தலைமுடியை விரித்துக்கொண்டு வரக்கூடாது. சரி என்றேன். தண்ணீர்கூடக் குழாய்த் தண்ணீர் கிடையாது, கடையில் வாங்கின காய்ச்சி வடித்த தண்ணீர். குழாய்த் தண்ணீரில் இரும்பு இருக்குமாம். கண்ணுக்குத் தெரியாத இரும்பு!

முதலில் வெள்ளைப் பொடி ஒன்றைத் தண்ணீரில் தூவி ஊற வைப்பாள். அது கெட்டியாகாமல் கலங்கலாகக் கிடக்கும். புளிப்பை முறிக்கிற ஒரு நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினால், ஒரு கட்டத்தில் சட்டென்று கண்ணாடிக் கூழாக இறுகிவிடும். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். "இன்னொரு தடவ செய்யேன்" என்பேன், சின்னப் பிள்ளை மாதிரி. நடுவில் ஒரு காகிதத் துண்டை அதில் தொட்டுப் பார்ப்பாள். புளிப்பு எவ்வளவு இருக்கிறதோ அதற்குத் தக்கபடி நிறம் மாறும்.

"ஆரத்தியில மஞ்சளோட சுண்ணாம்பு சேந்தா செவக்குதுல்ல அத்த? அதே கததான்" என்றாள். எனக்குப் புரிகிற மாதிரி சொல்ல அவளுக்கு எப்போதும் ஏதாவது கிடைத்துவிடும்.

அந்தக் கூழுக்குள் வேலை செய்கிற சாமான்கள் போக வேண்டும். மூன்றுதான். பி3 என்று ஒன்று, அர்புட்டின் என்று ஒன்று, வைட்டமின் சி. மூன்றும் மங்குக்கு நல்லது. தனித்தனியாக எல்லாரும் நல்லவர்கள். ஒன்றாகப் போட்டால்தான் வினை. முதல் கலவை பார்க்க அம்சமாக இருந்தது. சமையலறை ஜன்னலில் வெயில் படுகிற இடத்தில் வைத்தாள். கொஞ்ச நாளிலேயே மஞ்சளாகி, அப்புறம் தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டது.

"என்னம்மா இது, பால் விடாத தே-ஓ மாதிரி இருக்கு?"

"வைட்டமின் சி கெட்டுப்போச்சு அத்த. அது புளிப்புலதான் நிக்கும். நான் கூழ் எறுகணும்னு புளிப்ப எடுத்துட்டேன்."

"அப்ப புளிப்பாவே விடேன்."

"விட்டா கூழ் எறுகாது. அதுவும் இல்லாம பி3க்குப் புளிப்பு ஆகாது. புளிப்புல கெடந்தா அது முறிஞ்சு, பூசுனா மூஞ்சி செவந்து எரியும்."

ஜாதகப் பொருத்தம் பார்க்கிற வேலைதான் இது என்று எனக்குப் பட்டது. அதையே சொன்னேன். "ஆமா அத்த, ஆனா இங்க தோஷத்துக்குப் பரிகாரம் எல்லாம் இல்ல" என்றாள்.

ஆனாலும் ஒரு பரிகாரம் தேடினாள். புளிப்புக் கேட்காத வைட்டமின் சி இருக்கிறதாம், உப்போடு கட்டினது. அதை வாங்கி வந்து கரைத்து ஊற்றினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். குச்சியை இரண்டு சுற்றுச் சுற்றியிருப்பாள். இறுகி நின்ற கூழ் எங்கள் கண் முன்னாலேயே தண்ணீராக ஓடிவிட்டது. பழைய கஞ்சி நீர்த்த மாதிரி.

"அலமாக்!" என்றேன்.

உப்பு பட்டால் அந்தக் கூழ் நிற்காது என்று அவளுக்குத் தெரியுமாம். இவ்வளவு வேகமாக விழும் என்று எதிர்பார்க்கவில்லையாம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குச் சாயந்தரம் மகனிடம் கைப்பேசியில் பேசும்போது, "அந்த லேப் வேல இன்னும் இருக்கா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. நான் கறிக்குத் தாளிக்கிற எண்ணெயைக் கருகவிட்டேன். கறுத்துப்போன கடுகோடுதான் அன்று சாப்பாடு.

மறுநாள் அவளாகவே எழுந்தாள். கூழுக்கே வேறு சாமான். உப்பைத் தாங்குகிற ஒரு பசை. அது கண்ணாடி மாதிரி இறுகாது, மூக்குச்சளி மாதிரி இழுக்கும். நான் மூக்கைச் சுளித்தேன். அளவைக் குறைத்துக் குறைத்து அந்த இழுப்பையும் போக்கினாள். இந்த முறை ஒரே மாதிரி செய்யாமல் நாலு விதமாகச் செய்தாள். ஒவ்வொன்றிலும் ஜன்னலில் ஒரு பாட்டில், குளிர்ப்பெட்டியில் ஒரு பாட்டில், அவளுடைய பழைய காருக்குள் ஒரு பாட்டில். வேலைக்குப் போகாததால் கார் வாசலிலேயே நின்றது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் மத்தியானத்தில் உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்கும். அந்தச் சூட்டையும் தாங்க வேண்டுமாம். கொரியர்காரன் வண்டியில் கிடக்க வேண்டியது இல்லையா.

இத்தனை பாட்டிலையும் பகலில் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. அவள் சாமான் தேடி, பஸ்ஸில் கடைகடையாக அலைய ஆரம்பித்திருந்தாள். எனக்கு வேலை கிடைத்தது பாருங்கள், இந்த வயதில்! ஆனால் எந்தப் பாட்டில் எது என்று எனக்கு எப்படித் தெரியும்? முதலில் கலர் கலராக ரப்பர் பட்டை போட்டாள். வெயிலில் எல்லாம் அறுந்து விழுந்தது. அப்புறம் பேனாவால் வட்டம் போட்டாள், கோடு போட்டாள், பெருக்கல் போட்டாள். நாலாவது பாட்டிலுக்கு வந்தபோது பேனாவை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"இது மேலதான் எனக்கு நம்பிக்க அத்த. இதுல வைட்டமின் சியே இல்ல. தூக்கிட்டேன். பி3, அர்புட்டின், கூட கொஞ்சூண்டு அதிமதுரச் சாறு. மூணும் சண்ட போடாது. ஙாம்."

ஙாம் என்ற சொல்லை இங்கே யார்தான் சொல்வதில்லை. சீனக் காய்கறிக்காரர் சில்லறை சரியாக இருந்தால் ஙாம் என்பார். மலாய் அக்கா குழம்பை ருசி பார்த்து ஙாம் என்பாள். செருப்பு காலுக்குச் சரியாக இருந்தால் ஙாம், மூடி டப்பாவுக்குப் பொருந்தினால் ஙாம். யார் பாஷை என்று யாருக்குத் தெரியும். எல்லார் வாயிலும் இருக்கிறது.

அவள் பாட்டிலில் ஏதோ எழுதினாள். ஒருத்தர் காலை மடக்கி உட்கார்ந்து முன்னால் கை நீட்டுகிற மாதிரி இருந்தது.

"என்னது இது?"

"ங. ஙாம்முக்கு ங. சின்ன வயசுல தமிழ்ப் பள்ளியில அ-னா ஆ-வன்னா புத்தகம் குடுப்பாங்க. எல்லா எழுத்துக்கும் ஒரு படம் இருக்கும். இதுக்கு மட்டும் இருக்காது. இந்த எழுத்துல தொடங்குற சாமானே இல்லன்னு டீச்சர் சொல்வாங்க. பாவமா இருக்கும் எனக்கு."

"படம் இல்லாம தனியா உக்காந்திருக்குமா?"

"ஆமா அத்த."

எனக்கு அந்த எழுத்தைப் பிடித்துப்போயிற்று.

அதிலிருந்து என் பகல் எல்லாம் அந்தப் பாட்டில்தான். மோட்டார்சைக்கிள் சத்தம் ஓய்ந்ததும் ஜன்னலுக்குப் போவேன். வட்டம் லேசாக மஞ்சளடித்தது. கோடு மேலே தண்ணீர் கட்டியது. பெருக்கலில் ஒரு வாடை. ங மட்டும் வைத்த மாதிரியே உட்கார்ந்திருந்தது. "நீ நில்லுடி" என்று சொல்வேன். பேச ஆள் இல்லாத வீட்டில் பாட்டிலோடு பேசுவதில் என்ன வெட்கம்? காருக்குள் இருக்கிற பாட்டிலைப் பார்க்கச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவேன். கதவை எல்லாம் திறந்துவிட்டு, சூடு ஆறினதும் முன் இருக்கையில் உட்கார்ந்துகொள்வேன். எங்கேயோ கிளம்புகிற மாதிரி இருக்கும். ஒரு நாள் பெல்ட்டைக்கூட மாட்டிக்கொண்டேன். பக்கத்து வீட்டு மலாய் அக்கா துணி காயப்போட வந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"நெனெக், நாக் பெர்கி மானா?" பாட்டி, எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்கிறாள்.

"தாக் பெர்கி மானா-மானா. ஜாகா பொத்தோல்." எங்கேயும் போகவில்லை, பாட்டிலுக்குக் காவல் இருக்கிறேன் என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் துணி கீழே விழுந்தது. அன்றைக்கு எனக்கு ஒரு தட்டு குயே பலகாரம் கொண்டுவந்து கொடுத்தாள். பேச்சு அவ்வளவுதான். அவளுக்கும் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும். நான் மறுபடி ஜன்னலுக்குப் போனேன்.

பார்லர்காரம்மா ஒரு நாள் வந்து, வைட்டமின் சி இல்லை என்றதும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள்.

"கஸ்டமர் முதல்ல அதத்தாங்க கேப்பாங்க. பேருக்கு ரெண்டு சொட்டாச்சும் போடுங்களேன்."

"போட்டா கெட்டுப்போகும் சிஸ்டர்."

"எல்லா கம்பெனிக்காரனும் போடறானே?"

"அவங்ககிட்ட இருக்குற வசதி வேற. எனக்குத் தெரிஞ்சே கெட்டுப்போறத நான் போட மாட்டேன்."

இரண்டு பேரும் விறைத்துக்கொண்டு நின்றார்கள். நான் ஜன்னலிலிருந்து பழைய பாட்டிலையும் ங பாட்டிலையும் ஒரு தட்டில் வைத்துக் கொண்டுபோனேன், ஏதோ பலகாரம் மாதிரி. பார்லர்காரம்மா பழையதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இது என்ன பாட்டிம்மா, தேனா?"

"நீங்க கேட்ட வைட்டமின் சிம்மா. பூசிக்கிறீங்களா?"

அவள் அதைக் கீழே வைத்துவிட்டு ங பாட்டிலைத் திறந்து புறங்கையில் தடவிக்கொண்டாள். ஒட்டவில்லை, எரியவில்லை. "சரி, இது இப்படியே இருக்கட்டும். ஆனா நிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்கும் கொஞ்சம் பூச வேண்டும் என்று ஆசை வந்தது. மருமகள் தன் கையில் பூசிப் பார்த்த பிறகு என் கன்னத்தில் ஒரு பக்கம் தடவிவிட்டாள். சனிக்கிழமை மகன் பார்த்துவிட்டு, "என்னம்மா, வெள்ளக்காரியாவப் போறியா?" என்றான்.

"இந்தக் கலர்லயே உங்கப்பா என்னத் தேடி வந்தாரு. நீ சோத்தத் தின்னு" என்றேன்.

மருமகள் மட்டும், "வெள்ளையாக்குறதுக்கு இல்ல, அவங்களுக்கு எந்த நெறமோ அந்த நெறம் ஒரே சீரா தெரியுறதுக்குத்தான்" என்று அவனுக்குப் பொறுமையாகச் சொன்னாள். என் மங்கு போயிற்றா என்று கேட்காதீர்கள். அது அவ்வளவு சீக்கிரம் போகிற மங்கு இல்லை.

வெயில் காலம் போய் மழை வந்தது. ங நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி மருமகள் வீட்டோடு இருப்பாள், பின்கட்டில் பானை பானையாகக் கிண்டுவாள், நான் பாட்டில் கழுவுவேன் என்று என்னென்னவோ நினைத்து வைத்திருந்தேன்.

அப்போதுதான் அவள் சொன்னாள், வீட்டுச் சமையலறையில் செய்து விற்க முடியாது என்று. அரசாங்கத்தில் பதிந்து, அனுமதி உள்ள தொழிற்சாலையில்தான் செய்ய வேண்டுமாம். பார்லர்காரம்மா கிள்ளான் பக்கம், இங்கிருந்து காரில் நாலு மணி நேரம், அப்படி ஒரு இடம் பேசி முடித்துவிட்டாள். சின்னக் கோப்பையில் நிற்பது பெரிய அண்டாவில் நிற்கும் என்று சொல்ல முடியாது, அதனால் கலந்தவளே பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று அந்தத் தொழிற்சாலைக்காரர்கள் கேட்டார்கள். அங்கேயே வேலையும் தருகிறார்கள். இன்னொரு ஜெல், இன்னொரு கிரீம் என்று அவளுக்குப் பிடித்த வேலை.

"எல்லாம் இந்தப் பாட்டில் நின்னாத்தான் அத்த. இன்னைக்குக் கடைசியா பாத்துட்டு அவங்களுக்குச் சொல்லணும்."

நின்றால் இருப்பாள் என்று நினைத்திருந்தேன். இப்போது நின்றால் போகிறாள்.

இரண்டு வெள்ளைச் சாசரை எடுத்தாள். குளிர்ப்பெட்டியில் இருந்ததில் கொஞ்சம், ஜன்னலில் இருந்ததில் கொஞ்சம். எதில் எது என்று எனக்குத் தெரியாதபடி முதுகைக் காட்டிக்கொண்டு ஊற்றி, மேசையில் வைத்தாள்.

"என் கண்ண நம்ப முடியல அத்த. ஆசையில பாக்குறேன். எது வெயில்ல இருந்ததுன்னு நீங்க சொல்லுங்க."

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. எனக்கு இன்னோர் ஆசை இருந்தது. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தேன். ஒரு பொட்டு மஞ்சளாவது தெரியாதா என்று தேடினேன். சாசரைத் திருப்பினேன். ஜன்னலுக்குக் கொண்டுபோனேன், விளக்கடிக்குக் கொண்டுபோனேன். மோந்து பார்த்தேன். விரலில் எடுத்துத் தேய்த்தேன். எத்தனை பார்த்தாலும் இரண்டும் ஒரே பிள்ளைக்கு எடுத்த இரண்டு போட்டோ மாதிரி இருந்தது.

"தெரியலம்மா. ரெண்டும் ஒண்ணுதான்."

"ஙாம்?"

"ஙாம்" என்றேன்.

அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். எனக்கும் சந்தோஷம்தான். சத்தியமாக. நான் காவல் இருந்த பாட்டில் அல்லவா? கையில் ஒட்டின ஜெல்லை அவள் முதுகில் துடைத்துவிட்டேன், அவளுக்குத் தெரியாது. இப்போது திருத்தும்போது தெரிந்துகொள்வாள்.

என்னையும் கூப்பிட்டாள். "கிள்ளான்ல வீடு எடுத்துக்கலாம், வாங்க அத்த, போலாம்" என்றாள். மகன் சனிக்கிழமை வந்தால் யார் கதவு திறப்பது? மாதம் ஒரு முறை அவளும் வருவாளாம், அப்போது இந்த வீடு வீடாக இருக்க வேண்டாமா? அதோடு ஜன்னல் பாட்டிலை எடுக்கக் கூடாது, அது இன்னும் ரொம்ப நாள் அங்கேயே நிற்க வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். யாராவது பார்க்க வேண்டும். "நான் பாத்துக்கறேன், நீ போ" என்றேன். மகன்தான் அவள் காரிலேயே கொண்டுபோய் விட்டான். வாசல் காலியானதும் பூனைகள் வந்து கார் நின்ற இடத்தில் படுத்துக்கொண்டன.

இப்போது தினமும் கூப்பிடுகிறாள். அண்டா நின்றதா என்று நான் கேட்பேன். முதல் அண்டா நிற்கவில்லை, இரண்டாவது நின்றது. "எப்படி இருக்கு?" என்று அவள் கேட்டால் பாட்டிலைக் கேட்கிறாள். "எப்படி இருக்கீங்க?" என்றால் என்னைக் கேட்கிறாள். இரண்டுக்கும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன். சில நாள் மத்தியானத்தில் அந்தப் பதில் பொய். ஆனால் பாட்டிலைப் பொறுத்தவரை ஒரு நாளும் பொய் இல்லை.

போன வாரம் ஒன்று நடந்தது. ஜன்னலுக்குப் போனால் பாட்டிலில் எழுத்தைக் காணோம். ஜெல் அப்படியே இருக்கிறது, பேனா மைதான் வெயிலில் மங்கிப் போய்விட்டது. கண்ணை இடுக்கிப் பார்த்தால் காலை மடக்கின இடம் மட்டும் லேசாகத் தெரிந்தது. பக்கத்தில் வட்டமும் கோடும்கூட மங்கிக்கொண்டிருந்தன. எல்லாம் அழிந்துவிட்டால் எது எது என்று யாரிடம் கேட்பேன்? அவள் விட்டுப்போன பேனாவை இழுப்பறையில் தேடி எடுத்தேன். பேனா பிடித்துப் பழக்கம் இல்லை. பால் வெட்டுகிற கத்தியைப் பிடிக்கிற மாதிரிதான் பிடித்தேன். மிச்சம் தெரிந்த கோட்டின் மேலேயே, மெதுவாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். மேலே ஒரு கோடு, கீழே ஒரு வளைவு, உட்கார்ந்து, மடங்கி, கை நீட்டி. கொஞ்சம் கோணல். முதுகு கூன் போட்ட மாதிரி. ஆனால் அதுதான்.

கைப்பேசியில் படம் எடுத்து மருமகளுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

"அத்த, இது யாரு எழுதுனது? வீட்டுக்கு யாரும் வந்தாங்களா?"

"யாரும் வரல" என்றேன். "நான்தான்."

அந்தப் பக்கம் அண்டா ஓடுகிற இரைச்சல் கேட்டது.

"கோணலா இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல அத்த" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஙாம்."